டியூப் போட்டால் அடங்குகிறது, விட்டால் வருகிறது: படர்தாமரைக்கு மருந்தே இல்லையா?

கேள்வி: டாக்டர், நாங்கள் ராயபுரத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார். போன ஆடியில் அவருக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டோம். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. விட்டதும் மறுபடி வந்தது. இப்படியே ஐந்தாறு டியூப் தீர்ந்துவிட்டது. இப்போது இடுப்பு, முதுகு வரை போய்விட்டது. எனக்கும் இடுப்பைச் சுற்றி இருக்கிறது. எட்டு வயது மகளுக்குக் கழுத்தில் ஒரு வட்டம். நடுவில் ஒரு டாக்டர் டெர்பினஃபின் என்ற பூஞ்சை மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரம் சாப்பிட்டும் குறையவில்லை என்று என் வீட்டுக்காரரே நிறுத்திவிட்டார். அவருக்கு சுகர் உண்டு, கொழுப்பு மாத்திரையும் சாப்பிடுகிறார். இதனால் என் மாமியார், எங்கள் வீட்டில் கருவாடு, கத்திரிக்காய் இரண்டையும் நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில், பூஞ்சைக்கு வீரியம் கூடிவிட்டது, எந்த மருந்துக்கும் அடங்காது, ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். உண்மையா?

பதில்: மருந்து இருக்கிறது அம்மா. ரத்தத்தில் கலக்கும் என்ற பயத்தையும் முதலில் விடுங்கள். ஆனால் வாரக்கணக்கில் முடிகிற வேலை இல்லை இது. மாதக்கணக்கில் ஆகலாம். மூன்று பேரும் ஒரே சமயத்தில் வைத்தியம் எடுத்தால்தான் முடியும்.

அந்த டியூபிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். இரண்டே நாளில் அரிப்பு நின்றது என்கிறீர்கள். பூஞ்சையை மட்டும் கொல்லுகிற எந்தக் கிரீமும் பொதுவாக அவ்வளவு சீக்கிரம் அரிப்பை நிறுத்தாது. இரண்டு நாளில் நின்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்றே நான் சந்தேகப்படுவேன். வடசென்னையில் எந்தத் தெருவில் இருந்து நோயாளி வந்தாலும், பையில் இப்படி ஒரு பாதி தீர்ந்த டியூப் இருக்கும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து என்று மூன்று நான்கு சரக்கை ஒன்றாகக் கலந்த கிரீம் அது.

டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை யாராவது படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமீட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல், கீட்டோகோனசோல் போன்றவை பூஞ்சை மருந்துகள். பெயர்கள் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும், அதனால் வாயால் சொல்லாமல் டியூபையே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அரிப்பு, சிவப்பு, தடிப்பு எல்லாம் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு செய்கிற சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அமுக்கிவிடுகிறது. குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டால் திருடன் போய்விட்டான் என்று ஆகுமா? பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவுகிறது. வழக்கமாகப் படர்தாமரைக்கு நடுப்பகுதி தெளிந்து ஓரம் மட்டும் சிவந்து நிற்கும். உடம்பு நடுவில் ஜெயித்துவிட்டது, பூஞ்சை ஓரத்துக்கு ஓடுகிறது என்று அர்த்தம். ஸ்டீராய்டு போட்ட தோலில் அந்த ஒழுங்கே கலைந்துவிடும். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வரும், சில சமயம் வட்டமே தெரியாமல் மங்கலாகப் படரும். மயிர்க்கால்களுக்குள் இறங்கிவிட்டால் மேலே தடவுகிற கிரீம் அங்கே போய்ச் சேராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடை இடுக்கு மெல்லிய தோல். அங்கே இந்த வகைக் கிரீமை மாதக்கணக்கில் போட்டால், பிள்ளை பெற்ற வயிற்றில் வருவது போன்ற கோடுகள் விழும். பூஞ்சை போன பிறகும் அந்தக் கோடுகள் போகாது. இருபது வயதுப் பையன்கள்கூட இதோடு வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு கலந்த பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. காகிதத்தில் சட்டம் இருக்கிறது. கடையில் "படர்தாமரைக்கு ஒரு டியூப் குடுங்க" என்றால் இன்றைக்கும் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் அந்தக் கிரீமை நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் சில நாட்களுக்கு அரிப்பு முன்பைவிட அதிகமாக வரும், சிவப்பும் கூடும். இதைச் சொல்லாமல் விட்டால் "டாக்டர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று மறுபடி அதே டியூபுக்குப் போய்விடுவீர்கள். உடம்பு திரும்பச் சண்டையை ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். அரிப்புக்கு வேறு மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் பெரிய பரப்பில், பல மாதம், தினமும் போட்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு தோல் வழியாக உடம்புக்குள் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு, அதை அவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, வீடியோவுக்கு வருவோம். அதைச் செய்தவர் நாலைந்து பூஞ்சைகளை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். உயிருக்கு ஆபத்தான, மருந்துக்கு அடங்காத பூஞ்சை நிஜமாகவே உண்டு. கேண்டிடா ஆரிஸ் என்று ஒன்று. 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தார்கள். அது பெரும்பாலும் ஐ.சி.யு.வில் குழாயும் ஊசியுமாகப் படுத்திருப்பவர்களைத்தான் பிடிக்கும். 2021-இல் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை வேறு ஜாதி. அது கட்டுப்படாத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் மூக்கு, கண் என்று உள்ளே போனது. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் கவலைக்குரிய 19 பூஞ்சைகளின் பட்டியல் ஒன்று வெளியிட்டது. கேண்டிடா ஆரிஸ் அதில் முதல் வரிசையில் இருக்கிறது. படர்தாமரைப் பூஞ்சை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

படர்தாமரைப் பூஞ்சை நம் தோலின் மேலடுக்கில், செத்த செல்களில் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. நகமும் முடியும் அதே பொருள்தான், அதனால் அங்கேயும் போகும். உயிருள்ள சதைக்குள், ரத்தத்துக்குள் போவது அதன் வழக்கம் இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்தவர்களிடம் ஆழமாக இறங்குவதுண்டு, அது அபூர்வம்.

அதே போல வீரியம் வேறு, மருந்துக்கு அடங்காமை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது உங்கள் வீடியோக்காரர் மட்டும் இல்லை. வீரியம் என்றால் தோலில் சட்டென்று ஒட்டிக்கொள்வது, கெராட்டினை அறுக்கிற நொதிகளைச் சுரப்பது, உடம்பின் எதிர்ப்பை ஏமாற்றுவது. இதெல்லாம் பூஞ்சை நம்மிடம் நடந்துகொள்ளும் விதம். அடங்காமை என்பது ஒரு மருந்து முன்னால் அது பிழைக்கிற விதம். மருந்துக்கு அடங்காத பூஞ்சை ஒன்று மிகச் சாதுவாக ஒரே வட்டத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உடம்பெல்லாம் படர்கிற பூஞ்சை சரியான மருந்துக்கு உடனே மடங்கலாம். பரவி இருக்கிறதே, அதனால் எந்த மருந்தும் கேட்காது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதைச் சொன்ன கையோடு, அடங்காத படர்தாமரை என்பது கட்டுக்கதை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் மாதிரித் தோல் டாக்டர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். முன்பெல்லாம் ஒரு கிரீம், இரண்டு வார டெர்பினஃபின் மாத்திரை, ஆள் அப்புறம் வரவே மாட்டார். அந்தக் காலம் போய்விட்டது. 2018-இல் டெல்லி நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சைகளை ஆராய்ந்தபோது டெர்பினஃபினுக்கு அடங்காதவை கணிசமாக இருந்தன. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியா, நேபாளத்திலிருந்து வந்த நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு அது உலகம் சுற்றுகிறது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் கண்டதாக அமெரிக்க சுகாதாரத் துறை அறிவித்தது. ஒருவருக்கு வங்கதேசத்தில் இருந்தபோது வந்தது. மற்றவர் வெளிநாடே போகாதவர்.

டெர்பினஃபின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அடங்காமையும் புரியும். பூஞ்சையின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு தேவை. நமக்குக் கொலஸ்ட்ரால் இருப்பது மாதிரி. அதைத் தயாரிக்கும் வழியில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி ஒரு படியைச் செய்கிறது. டெர்பினஃபின் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. எர்கோஸ்டெரால் தீர்ந்து, ஸ்குவாலீன் தேங்கி, பூஞ்சை சாகிறது. இந்த நொதியில் 397-ஆவது இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் ஒன்று மாறிவிட்டால் போதும், மருந்து சரியாக ஒட்டாது. நொதி மட்டும் பழையபடி வேலை செய்யும். அந்த மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது எங்கோ ஒன்றுக்கு அப்படித் தானாகவே மாறியிருக்கும். அரைகுறையாக மருந்து போட்டால் மற்றவை செத்து அது மட்டும் மிஞ்சும். அப்புறம் வீட்டிலுள்ள எல்லாருக்கும் பரவுவது அதன் வம்சம்தான்.

பாக்டீரியாவுக்கு இத்தனை வகை ஆன்டிபயாடிக் இருக்கிறதே, பூஞ்சைக்கு ஏன் இல்லை என்று கேட்கலாம். பூஞ்சையின் செல் நம் செல்லுக்கு நெருங்கிய சொந்தம். அதைக் கொல்லப் போகிற மருந்து நம்மையும் பதம் பார்த்துவிடும். அதைக் கொன்று நம்மை விட்டுவைக்கிற மருந்து வகைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். இருப்பதை நாம் வீணடிக்காமல் இருக்க வேண்டும். வயலில் பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகள் சில, நாம் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அசோல் என்ற வகைப் பூஞ்சை மருந்துகளின் அதே குடும்பம். அதனால் நுரையீரலைப் பிடிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையில் மருந்துக்கு அடங்காதவை முளைத்திருக்கின்றன. அது வேறு கதை, உங்களுக்கு இப்போது தேவையில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பது அடங்காத பூஞ்சையா? இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாத்திரை சாப்பிட்டது இரண்டே வாரம். இவ்வளவு பரவியதற்கு அது பத்தாது. அந்த இரண்டு வாரமும் ஸ்டீராய்டு டியூப் கூடவே ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். நீங்களும் மகளும் மருந்தே எடுக்கவில்லை, ஆகவே அவருக்குக் குறைந்தாலும் உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார். இந்த மூன்றும் இருக்கும்போது நல்ல மருந்துகூட தோற்றுப்போகும், பூஞ்சை சாதாரணமாகவே இருந்தாலும். எனக்கு வருகிற "மருந்து கேட்கவில்லை" கேஸ்களில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அரிது.

முதலில் இது பூஞ்சைதானா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. மழுங்கின பிளேடால் வட்டத்தின் ஓரத்திலிருந்து செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் விழவைப்பார்கள். ஓரத்தில்தான் எடுக்க வேண்டும், பூஞ்சை அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவார்கள். அது தோல் செல்களைக் கரைத்துத் தெளிவாக்கும், பூஞ்சையின் சுவரைக் கரைக்காது. கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிளை விட்ட நிறமற்ற இழைகள் செல்களுக்குக் குறுக்கே ஓடுவது தெரியும். அங்கங்கே குறுக்குத் தடுப்பு இருக்கும். பரிசோதனைக்கு முன்னால் சில நாட்கள் எந்தக் கிரீமும் போடாமல் போனால் நல்லது. வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சில வாரங்கள் ஆகும். எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் நாங்கள் பெரும்பாலும் நோயின் போக்கைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றுகிறோம்.

டெர்பினஃபின் கைகொடுக்காத இடத்தில் இட்ரகோனசோல் என்ற மருந்துக்குப் போவது வழக்கம். எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்பதை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் இங்கே எழுத மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டியவை சில உண்டு. கொழுப்பு மாத்திரை என்றால் ஸ்டாட்டின் வகையாக இருக்கும். சிம்வாஸ்டாட்டினோடு இட்ரகோனசோல் கூடவே கூடாது, தசை கரைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். அட்டோர்வாஸ்டாட்டின் என்றாலும் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். ப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து கொடுத்தால் கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரைகளின் வேகம் கூடி, சுகர் திடீரென்று இறங்கலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதிய மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தரங்க உறுப்பில் வேறு ஒரு பூஞ்சை வருவதுண்டு, அதையும் படர்தாமரை என்று நினைத்துவிடுவார்கள். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர் என்றால் இட்ரகோனசோல் வேண்டாம். ஆகவே அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அப்புறம் கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பான்டொப்ரசோல் போடாத வீடு நம் பக்கத்தில் குறைவு. இட்ரகோனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டு இதைச் சாப்பிட்டால் பாதி மருந்து வீண். சாப்பாடு முடிந்த கையோடு போட வேண்டும், டீ பிஸ்கட்டோடு இல்லை. கேஸ் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் இடையில் பார்ப்பார்கள்.

மேலே தடவும் கிரீமை வட்டத்தின் மீது மட்டும் தடவாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இழைகள் அங்கே ஏற்கெனவே போயிருக்கும். தோல் தெளிந்த அன்றே நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிற வரை தொடர வேண்டும். நிறம் கருத்துப்போய் இருப்பது தழும்பு, அது மெல்ல மறையும். கருப்பு இருக்கிறதே என்று மருந்தை நீட்டிக்கொண்டே போகவும் வேண்டாம்.

இனி வீடு. அவர் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறாரா? உடனே கழற்றச் சொல்லுங்கள். நூலில் வியர்வையும் செதிலும் ஊறி, பூஞ்சைக்கு நிரந்தர வீடாகிவிடும். இடுப்பைச் சுற்றி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மனசு ஒப்பாவிட்டால் வெள்ளியில் போட்டுக்கொள்ளட்டும், கழற்றிக் கழுவ முடிகிறதாக இருக்க வேண்டும். உங்களுக்கு இடுப்பில் வந்திருப்பதற்குப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். நாடாவை அகலமாக வைத்து, தினமும் மாற்றுங்கள்.

ஐஸ் தண்ணியிலும் உப்பிலும் நாள் முழுக்க நனைந்த லுங்கியோடு அவர் வீட்டுக்கு வருவார். வந்ததும் குளித்து, தொடை இடுக்கையும் கால்விரல் சந்துகளையும் துடைத்து உலர்த்தி, காய்ந்த பருத்தித் துணி கட்ட வேண்டும். கம் பூட்ஸ் போடுகிறவர் என்றால் கால்விரல் இடுக்கைப் பாருங்கள். சேற்றுப்புண் என்று விட்டுவிடுகிற அந்த வெள்ளைத் தோலிலிருந்துதான் பல பேருக்கு இடுப்புக்கு ஏறுகிறது. நகமும் தடித்து மஞ்சளாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

துணிகளைத் தனி வாளியில் ஊறப்போடுங்கள். உதிர்ந்த செதிலில் பூஞ்சையின் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணமாக அலசினால் போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும், அதாவது கை வைக்க முடியாத சூடு. பிறகு நல்ல வெயிலில், உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுங்கள். ஹவுசிங் போர்டு வீட்டு வராந்தாவில் வெயில் எட்டாது என்றால் தையல் ஓரங்களை அழுத்தி இஸ்திரி போடுங்கள். மூன்று பேருக்கும் தனித்தனித் துண்டு, சோப்பு, படுக்கை விரிப்பு. எம்.சி. ரோட்டில் எடுத்த டைட் ஜீன்ஸையும் லெக்கின்ஸையும் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள். டெட்டாலை நேராகத் தடவுவது, உப்பு போட்டுத் தேய்ப்பது எல்லாம் தோலைப் புண்ணாக்கும். குப்பைமேனி அரைத்துப் பூசிக் கொப்பளம் வந்து வருகிறவர்களையும் பார்க்கிறேன். சீமையகத்தி இலைக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு, பொய்யில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பரவியிருக்கிற அளவுக்கு அது பத்தாது.

மாமியாரிடம் சொல்லுங்கள், கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காசிமேட்டில் வேலை பார்த்துக்கொண்டு கருவாடு இல்லாமல் இருப்பது நோயைவிடப் பெரிய தண்டனை. மீனோ கத்திரிக்காயோ சாப்பிட்டால் உடனே உடம்பு முழுக்கத் தடிக்கிறது என்றால் அது ஒவ்வாமை, அது வேறு. அவருடைய சுகரைக் கட்டுப்பாட்டில் வைப்பதுதான் சாப்பாட்டில் பார்க்க வேண்டிய விஷயம். சுகர் ஏறிக்கிடந்தால் பூஞ்சை ஆறாது.

நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, ஆகத் திட்டமிருந்தாலோ, பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே தோல் நோய்ப் பிரிவு ஓ.பி. உண்டு. ஒரு நாள் கூலி போகும், தெரிகிறது. இருந்தாலும் மூன்று பேரும் ஒரே நாளில் போய்ச் சீட்டு போடுங்கள்.

மகளுக்கு அப்பாவின் டியூபைப் போட்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கழுத்தில் ஒரு வட்டம் மட்டும் என்றால் பெரும்பாலும் பூஞ்சைக் கிரீமே போதும். ஆனால் தலைமுடியை வகிர்ந்து நன்றாகப் பாருங்கள். முடி உதிர்ந்து செதில் படிந்த திட்டோ, சீழ் கோத்த வீக்கமோ இருந்தால் கிரீம் பயன்படாது. அதற்கு எடைக்கேற்ற மாத்திரை வேண்டும். தள்ளிப்போட்டால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம்.